வேனில் தொடங்கிய கிலாஃபத்

ஜன்னல் சீட்டை நீங்களே வச்சுக்கோங்க தம்பி. எனக்கு எதிர்காத்து ஆகாது. தென்காசிதானே? நானும் அங்கதான். மச்சான் வீட்டுக்கு. பெண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். வெளியில அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். உங்ககிட்ட உண்மையைச் சொல்றதுக்கு என்ன? நான் ஒரு கிளர்ச்சியை அடக்கப் போறேன்.

சிரிக்கிறீங்க. பரவாயில்லை. மேலப்பாளையத்துல எல்லாரும் சிரிச்சாச்சு.

நான் கலீஃபா தம்பி. போன மாசம் வரைக்கும் முழு கலீஃபா. இப்பவும் கலீஃபாதான், ஆனா ஜனம் இல்லை. கலீஃபான்னா தெரியுமில்ல? நபிகள் நாயகத்துக்குப் பிறகு முஸ்லிம்களுக்குத் தலைமை ஏத்தவங்க. அபூபக்கர், உமர், உதுமான், அலி. அதுக்கப்புறம் எத்தனையோ பேர். கடைசியா துருக்கியில இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னாடி அதையும் எடுத்துட்டாங்க. அன்னையிலேருந்து அந்த இடம் காலி. நான் பள்ளிக்கூடத்துல ஆபீஸ் சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். ஒரு பணியிடம் நூறு வருஷம் காலியா இருந்தா மனசு கேக்குமா?

பயப்படாதீங்க. துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நான்தான் கலீஃபான்னு கிளம்பினானுங்களே, அவனுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் கொசு அடிக்கிற பேட்டைத் தவிர எதையும் தூக்கினதில்லை. எனக்கு நாடு பிடிக்கிற ஆசையும் கிடையாது. என் வீட்டுக் கீழ்த்தளம், மொட்டை மாடி, வாசல்ல ஒரு முருங்கை மரம். அவ்வளவுதான் என் எல்லை. மாடியில குடியிருக்கிற செல்வராஜ் சாருக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்திருந்தேன். அது அவருக்கே தெரியாது.

எப்படி ஆரம்பிச்சதுன்னு கேளுங்க. நானாப் போய்க் கேக்கலை. பதவி தானா வந்துச்சு. நான் ரிட்டயர் ஆனதும் குடும்பத்தோட கொடைக்கானல் போனோம், வேன் வச்சுக்கிட்டு. நான், என் சம்சாரம் ஜைத்தூன், மருமக ஸாலிஹா, என் தம்பி மசூது, அவன் பெண்டாட்டி பிள்ளைங்க. மகன் ரியாஸ் துபாய்ல இருக்கான், அவன் வரலை. வேன் கயத்தாறு தாண்டும்போது நான் சொன்னேன்: "மூணு பேர் பயணம் போனா ஒருத்தரை அமீரா ஆக்கிக்கணும்னு ஹதீஸ் இருக்கு. நாம இத்தனை பேர் அமீர் இல்லாமப் போறோம்." அமீர்னா தலைவர். மசூது உடனே, "அண்ணே, உங்களை விட்டா யாரு?"ன்னான். "எல்லாருக்கும் சம்மதமா?"ன்னு கேட்டேன். யாரும் மறுக்கலை.

அந்த மூணு நாள் நான் நடத்தின நிர்வாகம் இருக்கே! எங்க டீக்கு நிக்கிறது, யாரு முன்சீட்டு, ஏரியில படகு வேணுமா வேண்டாமா, எல்லாம் நான் சொன்னபடி. ஒரு பிள்ளை கூட வாந்தி எடுக்கலை. வாந்தி எடுக்கக் கூடாதுன்னு நான் உத்தரவு போட்டிருந்தேன்.

ஊருக்கு வந்தோம். வேன்காரன் போயிட்டான். நான் காத்திருந்தேன் தம்பி. யாராவது வந்து, சரிங்க, பயணம் முடிஞ்சுது, உங்க பொறுப்பும் முடிஞ்சுதுன்னு சொல்வாங்கன்னு பார்த்தேன். யாருமே சொல்லலை. ஆளாளுக்குப் பையைத் தூக்கிக்கிட்டுக் குளிக்கப் போயிட்டாங்க. நியமன உத்தரவு இருக்கு, விடுவிப்பு உத்தரவு இல்லை. அப்ப நான் பதவியில இருக்கேனா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

இருக்கேன்.

அதுவும் பைஅத் செஞ்சாச்சுன்னா, அதாவது இவர்தான் எங்க தலைவர்னு ஒப்புக்கொடுத்துட்டா, நினைச்ச நேரம் திரும்ப வாங்கிக்க முடியாது. பஸ் டிக்கெட் மாதிரி.

ரெண்டு மூணு மாசம் அருமையா ஓடுச்சு. மசூதை மொட்டை மாடிக்கு ஆளுநர் ஆக்கினேன். தண்ணித் தொட்டி, வத்தல் காயப்போடுறது எல்லாம் அவன் பொறுப்பு. ஜைத்தூனுக்கு அடுப்படி. அவ, "முப்பது வருஷமா அது என்கிட்டதானே இருக்கு, நீங்க என்ன புதுசாக் கொடுக்குறீங்க?"ன்னா. முறைப்படி கொடுக்கணும்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு, நெய்ச்சோறு சாப்பிட்டதும் ஆலோசனை சபை. விசிறி எத்தனையில சுத்தணும், மீன் என்னைக்கு, கறி என்னைக்கு, டிவி எப்ப அணைக்கணும். நான் ஒருத்தனா முடிவெடுக்கலை தம்பி. எல்லார்கிட்டயும் கருத்துக் கேட்டுட்டுத்தான் என் முடிவைச் சொல்வேன்.

அந்த நேரத்துலதான் மசூது ஒரு ஹதீஸ் கொண்டு வந்தான். முதல்ல நபித்துவம் இருக்கும், அப்புறம் கலீஃபாக்களோட ஆட்சி, அதான் கிலாஃபத், அப்புறம் கடுமையான மன்னராட்சி, அப்புறம் அடக்குமுறை, அதுக்கும் அப்புறம் மறுபடி கிலாஃபத் வரும்னு வர்ற ஹதீஸ். "அண்ணே, அந்தக் கடைசியில வர்றது நம்ம வீட்டுலதான் ஆரம்பிச்சிருக்குன்னு தோணுது"ன்னான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. அன்னையிலேருந்துதான் அமீர்ங்கிறதை விட்டுட்டு கலீஃபான்னு சொல்லச் சொன்னேன். மசூது மட்டும் சொன்னான். ஜைத்தூனுக்கு நான் எப்பவும் போல ரியாஸ் வாப்பாதான்.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, ஜைத்தூனோட தம்பி மகளுக்குப் பிரசவம். அந்தப் பொண்ணுக்குத் தாய் இல்லை. இவதான் அதைத் தூக்கி வளர்த்தவ. "தேதி நெருங்கிடுச்சு, நான் தென்காசிக்குப் போயிட்டு வரேன்"னா. "மனு எழுதிக் கொடு"ன்னேன். அனுமதி கொடுக்க மாட்டேன்னு சொல்லலை தம்பி. எழுதிக் கொடுத்தா சபையில வச்சு அனுமதிக்கலாம்னுதான் சொன்னேன். இதுல என்ன தப்பு? என் கீழ இருந்த கிளார்க்குங்க தலைவலிக்குக் கூட எழுதித்தான் கொடுத்தாங்க.

அவ என்னைப் பார்த்தா. அடுப்படிக்குப் போய், "ஸாலிஹா, இந்த மனுசனுக்கு இந்த அதிகாரமெல்லாம் எந்தக் கிதாபுலேருந்து வந்துச்சுன்னு பாரும்மா"ன்னா.

ஸாலிஹா ஆலிமா பட்டம் வாங்கின பிள்ளை. அஞ்சு வருஷம் மதரஸாவுல ஹதீஸ் படிச்சவ. ரொம்ப கூச்சம். நம்மகிட்ட பேசினா தரையைப் பார்த்துத்தான் பேசும். கல்யாணம் ஆகி வந்த புதுசுல இது வாய் பேசுமான்னே எனக்குச் சந்தேகம். இப்ப அந்தப் பிள்ளை "மாமா, ஒரு சந்தேகம்"னு ஆரம்பிச்சாலே நான் நாற்காலியை விட்டு எழுந்துடுறேன்.

உங்களுக்கு இது புரியணும். ஹதீஸ்னா நபிகள் நாயகம் சொன்னது, செஞ்சது. அது சும்மா காத்துல வராது. இவர் அவர்கிட்ட கேட்டார், அவர் இன்னாருகிட்ட கேட்டார்னு ஒரு சங்கிலி இருக்கும். அந்தச் சங்கிலியில இருக்கிற ஒவ்வொரு ஆளையும் பெரியவங்க விசாரிச்சு வச்சிருக்காங்க. பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வந்து அக்கம்பக்கத்துல விசாரிக்குமே, அந்த மாதிரி. இவருக்கு நல்ல ஞாபகம், இவர் வயசான காலத்துல தடுமாறிட்டார், இவர் பேச்சை நம்பாதேன்னு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச வேலை. அருமையான வேலைதான். அதை என் வீட்டு ஹால்ல செய்வாங்கன்னு யாரு கண்டா?

அந்த வெள்ளிக்கிழமை சபை கூடுச்சு. நான் நாற்காலியில. மசூது பாய்ல. ஜைத்தூன் பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தா. ஸாலிஹா அடுப்படி நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"மாமா, ஒரு சந்தேகம். மூணு பேர் போனா அமீர் வைக்கணும்னு வர்றது பயணத்துக்குத்தானே? அதுலயும் சில ஆய்வாளர்கள், சரியான அறிவிப்புல நபித்தோழர் பேரே இல்லை, சங்கிலியில ஒரு கண்ணி விட்டுப்போயிருக்குன்னு சொல்லியிருக்காங்க."

நான் விடுவேனா? "உலகத்துல வழிப்போக்கனைப் போல இருன்னு புகாரி ஹதீஸ் தொகுப்புல இருக்கா இல்லையா? அதுக்குச் சங்கிலி சுத்தம். அப்ப வாழ்க்கையே பயணம். பயணம் முடியலை. நான் அமீர்"னேன். மசூது, "மாஷா அல்லாஹ்"ன்னான்.

அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு. "சரி மாமா. ஆனா பயணத்துல இருக்கிறவங்க லுஹரையும் அஸரையும் நாலு ரக்அத்தை ரெண்டாச் சுருக்கித்தானே தொழுவாங்க? நீங்க கொடைக்கானல்லேருந்து வந்த நாள்லேருந்து நாலுதான் தொழுறீங்க. தொழுகையில ஊர்ல இருக்கீங்க, ஆட்சியில மட்டும் பயணத்துல இருக்கீங்களே, அது எப்படி மாமா?"

ஜைத்தூன் பூண்டு உரிக்கிறதை நிறுத்திட்டா.

நான், "அது வேற துறை"ன்னேன்.

அப்புறம் அந்தப் பிள்ளை மசூது கொண்டு வந்த ஹதீஸைப் புடிச்சுச்சு. "அதை அறிவிக்கிறவர் ஹபீப் இப்னு ஸாலிம். நம்பகமானவர்னு சொன்ன பெரியவங்களும் இருக்காங்க மாமா. ஆனா புகாரி இமாம், அவர் விஷயத்துல யோசிக்க வேண்டியிருக்குன்னு சொல்லியிருக்காங்க. அதுவுமில்லாம, பிற்காலக் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் ஆட்சிக்கு வந்தப்ப இவர் இந்த ஹதீஸை எழுதி அனுப்பி, கடைசியில வர்றது நீங்களா இருக்கும்னு நம்புறேன்னு சொல்லியிருக்கார். அதைக் கேட்டு அந்தக் கலீஃபா சந்தோஷப்பட்டாங்க. அந்த ஹதீஸோட இந்தக் கதையும் சேர்ந்தேதான் மாமா வருது. ஆட்சியில இருக்கிறவங்களுக்குப் பிடிச்ச செய்தியை அவங்ககிட்டயே கொண்டு போறவங்களைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும்."

சொல்லிட்டு மசூதை ஒரே ஒரு தடவை பார்த்துச்சு. அப்புறம் தரை.

இதுல என்னன்னா, மசூதுக்கு முன்ரூமை மிக்ஸி ரிப்பேர் கடை போடக் கொடுக்கிறதா நான் அதுக்கு முந்தின வாரம்தான் அறிவிச்சிருந்தேன். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் என்னமோ, "தண்ணித் தொட்டி நிரம்பியிருக்கும்"னு எழுந்து மாடிக்குப் போயிட்டான். ஆளுநர்னா கடமை இருக்குமில்ல?

"தலைமை நபியோட குறைஷிக் குலத்துக்குத்தான்னு ஒரு ஹதீஸ் இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?"ன்னு ஜைத்தூன் நடுவுல புகுந்தா. அவளுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு தெரியலை. நான் அதுக்கும் தயாரா இருந்தேன். "எங்க வம்சமே அரபு நாட்டுலேருந்து மரக்கலத்துல வந்ததுதான். குறைஷி. எங்க பாட்டனார் சொன்னதா எங்க வாப்பா சொல்வாங்க."

"வாப்பா அதைப் பாட்டனார்கிட்ட நேராக் கேட்டாங்களா மாமா?"

"கேட்டிருப்பாங்க."

"எங்க மாமனார் பொறக்குறதுக்கு முந்தியே பாட்டனார் மவுத்தாயிட்டாருன்னு நீங்கதானே சொல்வீங்க?"ன்னு ஜைத்தூன் கேட்டா.

"நடுவுல வாப்பாவோட அண்ணன் செய்யது பெரியவாப்பா இருந்தாங்க. அவங்க சொல்லித்தான்..."

"யாரு, அந்த மனுசரா? கல்யாண வீட்டுல ரெண்டு கிடா வெட்டினா ஆறும்பாரு. தன் சொந்தக் கல்யாணத்துக்கே மழையில ஒட்டகத்துல வந்தேன்னு என்கிட்ட சொன்னாரு. இந்த ஊர்ல ஏது ஒட்டகம்?"

ஸாலிஹா ரொம்ப மரியாதையா, மெதுவா, "நினைவாற்றல்ல குறை உள்ளவர்"னு சொல்லுச்சு. எழுதி வச்சுக்கிட்ட மாதிரி. என் பெரியவாப்பாவை! அவங்க மவுத்தாகி எத்தனை வருஷம்! என் வம்சத்தை ஒரு ஒட்டகத்துல வச்சு முடிச்சிட்டாங்க தம்பி.

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "குறைஷி இல்லாட்டிப் போகுது. பைஅத் செஞ்சது செஞ்சதுதானே? வேன்ல எல்லாரும் சம்மதிச்சீங்களா இல்லையா? ஜைத்தூன், நீ சம்மதிச்சியா இல்லையா?"

"நானா? நான் எப்ப சம்மதிச்சேன்? வாந்தி மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டிருந்தேன்."

"மறுக்கலையே. மௌனம் சம்மதம். ஹதீஸே இருக்கு!"

ஸாலிஹா முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டுச்சு. "அது கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு மாமா. நிக்காஹ் பேசும்போது கூச்சத்துல சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்கலாம்னு. ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்க வாயைத் திறந்து சொல்லணும். அப்புறம்..."

"அப்புறம் என்ன?"

"தூங்குறவங்க முழிக்கிற வரைக்கும் அவங்க கணக்குல எதையும் எழுதுறதில்லைன்னு ஹதீஸ் இருக்கு மாமா. அதனால மாமியோட பைஅத்..." முடிக்கலை. அந்தப் பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் மேல மரியாதை உள்ள பிள்ளைதான்.

அன்னைக்கே சபையைக் கலைச்சேன். மறுநாள் தென்காசிலேருந்து போன். அந்தப் பொண்ணுக்கு ராத்திரியே வலி வந்து, பெண் குழந்தை பொறந்திருக்கு. தாயில்லாத பொண்ணு, "மாமி எங்க, மாமி எங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். ஜைத்தூன் போனை வச்சா. அழுவான்னு நினைச்சேன். அழலை. பையை எடுத்தா. ஸாலிஹாவும் கூடவே கிளம்பிடுச்சு. மசூது ஆட்டோ கூட்டிட்டு வந்தான். என் ஆளுநர்!

வாசல்ல நின்னு நான் கேட்டேன், "கலீஃபாவை விட்டுட்டுப் போறியா?"ன்னு.

"நான் தூங்கும்போது ஆட்சிக்கு வந்தீங்க. இப்ப முழிச்சிட்டேன்." அவ்வளவுதான் சொன்னா. போயிட்டா.

மூணு வாரம் ஆச்சு தம்பி. எனக்கு ஒண்ணும் குறையில்லை. நிர்வாகம்தான் கெட்டுப்போச்சு. டீ போட்டா டீ மாதிரி இல்லை. எது எந்த டப்பாவுல இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஹால்ல நாற்காலியில போய் உக்காந்தேன், பழக்கம். விசிறி எத்தனையில வைக்கலாம்னு கேட்டேன். யாரும் இல்லை, மசூது கூட வரலை. நானே மூணுன்னு சொல்லிட்டு நானே எழுந்து போய் வச்சேன். முருங்கை மரத்துக்குத் தண்ணி ஊத்தும்போது அது மேல எனக்கு ஒரு பிரியமே வந்துடுச்சு. அது ஒண்ணுதான் எல்லையை விட்டுப் போகலை.

பள்ளிவாசல் இமாம்கிட்ட போய்த் தீர்ப்புக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கிட்டே, "வதூது பாய், கிலாஃபத் முப்பது வருஷம், அதுக்கப்புறம் மன்னராட்சின்னு ஒரு ஹதீஸ் இருக்கு. அந்தக் காலமெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு"ன்னார். நான் யோசிச்சுப் பார்த்துட்டு, "அப்ப நான் ராஜாங்கிறீங்களா?"ன்னு கேட்டேன். அவர், "வீட்டுல சாப்பாடு என்ன பண்றீங்க?"ன்னு கேட்டார். எதுக்குக் கேட்டார்னு தெரியலை. கடையில வாங்குறேன்னேன். "தென்காசிக்குப் பஸ் இருக்கு பாய்"னார்.

அந்த முப்பது வருஷ ஹதீஸைப் பத்தி அப்புறம் நானே விசாரிச்சேன். அதுலயும் ஒரு அறிவிப்பாளர் மேல சிலருக்குக் கருத்து வேறுபாடு இருக்காம். நமக்கு ஒத்து வராததுன்னா நானும் ஆராய்ச்சி பண்ணுவேன் தம்பி. ஸாலிஹாவுக்கு மட்டும்தான் தெரியுமா?

இப்ப என் திட்டம் என்னன்னா, நேராப் போறேன். உள்ள போய் உக்காரலை. வாசல்லயே நிக்கிறேன். ஜைத்தூன் முழிச்சிருக்கும்போது, பகல்ல, ரெண்டு சாட்சி வச்சுக்கிட்டு, மாத்திரை எதுவும் போடலைன்னு உறுதிப்படுத்திக்கிட்டு, புதுசா பைஅத் வாங்குறேன். வாயைத் திறந்து சொல்லணும். அப்புறம் குழந்தையைப் பார்க்கிறேன். பாருங்க, இந்தப் பையில கொலுசு இருக்கு. சின்னது. காலு எவ்வளவு இருக்கும்னு தெரியலை, கடைக்காரன் சொன்னதை வாங்கினேன். பைஅத் முடிஞ்சாத்தான் கொலுசு. அதுல நான் விட்டுக்கொடுக்கப் போறதில்லை. மூணு வாரமாக் கடையில சாப்பிட்டவன், இன்னும் மூணு வாரம் சாப்பிட மாட்டேனா?

ஒரு நிமிஷம். போன்.

அவதான். அவளே பண்றா! பார்த்தீங்களா?

சொல்லு... ஆமா, பஸ்ல... பாவூர்சத்திரம் தாண்டிட்டேன்... போட்டேன், காலையில மாத்திரை போட்டேன்... சாப்பிடலை... இல்லை, பசிக்கலை... என்ன மீன்?... ம்...

ம்... கேக்குது, சொல்லு...

யாரு வர்றதுன்னா? நான்தான் வர்றேன்... நான்தான்... ஜைத்தூன், இதெல்லாம் போன்ல... பஸ்ல ஆள் இருக்காங்க...

சத்தம் யாரு, குழந்தையா அது? அதுவா அழுது? போனை அது பக்கத்துல வை... கொஞ்சம் வையேன்...

...

சரி.

சரின்னுதானே சொல்றேன்... ரியாஸ் வாப்பாதான் வர்றேன். ஆமா. ரியாஸ் வாப்பா மட்டும்தான். கூட வேற யாரும் வரலை... இல்லை, அவர் வரலை. அவர் இனிமே வர மாட்டார்... வாயைத் திறந்துதானே சொல்றேன்... வை. வந்துட்டேன்.

என்ன தம்பி, வெளியில பார்க்கிறீங்க? கேட்டுட்டீங்கதானே? பரவாயில்லை. அந்தக் குழந்தைக்கு என்ன குரல் பாருங்க. பெரிய ஆளா வரும்.

நான் பதவி விலகிட்டேன்னு நீங்க நினைக்கலாம். வெளியில போய்ச் சொல்லலாம். தாராளமாச் சொல்லுங்க. இதைக் கேட்டது ரெண்டே பேர். ஒண்ணு ஜைத்தூன். அவ வழக்குல ஒரு தரப்பு, அவ பேச்சு தனியா எடுபடாது. இன்னொண்ணு நீங்க. நீங்க யாரு? எந்த ஊரு, என்ன வேலை, ஞாபக சக்தி எப்படி, பொய் சொல்வீங்களா மாட்டீங்களா, எனக்கு எதுவும் தெரியாது. ஆள் யாருன்னே தெரியாதவர் அறிவிச்சா அந்தச் செய்தி பலவீனம். ஸாலிஹாவே தள்ளிடும்.

அந்தக் கம்பியைப் புடிச்சுக்கோங்க, பஸ் திரும்புது. இந்தக் காலர் சரியா இருக்கா? சும்மா பாருங்க. பின்னாடி மடங்கியிருக்குமே, அவ அதைத்தான் முதல்ல பார்ப்பா.

சரி, இறங்குங்க. நல்ல பிள்ளையா இருக்கீங்க, இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டீங்க. உங்க பேரு என்னன்னு கேக்க ஆசையாத்தான் இருக்கு.

கேக்க மாட்டேன்.